பைலின் தலையில் அடி, நடுவில் வெடிப்பு: யார் சொல்வது சரி?

முதுநகர்வாசி

வணக்கம். கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் படகுகள் அணைய ஒரு சின்னத் துறை கட்டுகிறோம். கம்பெனி பெயர் வேண்டாம். எனக்குத் தளத்தில் மேற்பார்வை வேலை. முன்னாலேயே வார்த்து வைத்த கான்கிரீட் பைல் (நிலத்துக்குள் அடித்து இறக்கும் அஸ்திவாரத் தூண்), 20 மீட்டர் நீளம், 400 மி.மீ. சதுரம், எம்40 தரக் கான்கிரீட். 4 டன் டிராப் ஹேமரால், அதாவது உயரத்திலிருந்து விழவிடும் எடையால், இறக்குகிறோம். மேலே இருப்பது வெறும் ஆற்றுச் சேறு. ஆரம்பத்தில் பைல் சுலபமாக இறங்கிவிடும்.

சில பைல்களில், பாதி இன்னும் வெளியே நிற்கும்போதே, நடுவாக்கில் குறுக்கே மயிரிழை வெடிப்பு வருகிறது. நான்கு பக்கமும் சுற்றி வருகிறது. ஒவ்வொரு அடிக்கும் அந்த இடத்திலிருந்து சிமெண்டுத் தூள் குப்பென்று பறக்கிறது. ஆனால் அடி வாங்கும் தலையில் ஒரு கீறல்கூட இல்லை.

ஒப்பந்தக்காரர் கான்கிரீட் சரியில்லை என்கிறார். கலவை போட்டவர்கள் கியூப் ரிசல்ட்டை (வார்த்த கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்த்த முடிவு) காட்டுகிறார்கள், அது பாஸ். ரிக் ஆபரேட்டரோ "சேறுதானே சார், உயரத்தை ஏற்றி நாலு போடு போட்டால் முடிந்துவிடும்" என்கிறார். இதில் யார் சொல்வது சரி? அடி விழாத இடத்தில் எப்படி வெடிக்கும்?

தட்டாஞ்சாவடி லேத்து

ஹேமர் கனம் அதிகம், அவ்வளவுதான் விஷயம். 2 டன் போட்டு உயரத்தை இரட்டிப்பாக்குங்கள். நிறை பெருக்கல் உயரம் ஒன்றாக இருந்தால் ஆற்றலும் ஒன்றுதான். பைலும் பிழைக்கும், வேலையும் நடக்கும்.

அலைவரிசை

லேத்து அண்ணே, கோபிக்க வேண்டாம். முதுநகர்வாசி சார், அவர் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். அதற்கு நேர் எதிராகத்தான் செய்ய வேண்டும்.

ஹேமர் தலையைத் தொட்ட கணத்தில் பைலின் அடிமுனைக்கு எதுவும் தெரியாது. அழுத்தம் ஓர் அலையாகத்தான் கீழே இறங்கும். நல்ல கான்கிரீட்டில் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 3800 மீட்டர். உங்கள் 20 மீட்டர் பைலில் கீழே போய்த் திரும்பி வர 10.5 மில்லி வினாடி. அந்த நேரத்துக்குள் பைலின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு நிலையில் இருக்கும். எடையைத் தூக்கி வைத்து மெதுவாக அழுத்தினால் வரும் கணக்கு இங்கே செல்லாது.

எவ்வளவு அழுத்தம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: அடர்த்தி, அலைவேகம், மோதும் வேகம் மூன்றையும் பெருக்க வேண்டும். கான்கிரீட்டுக்கு இது வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்குச் சுமார் 9 மெகாபாஸ்கல் வரும். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஹேமரின் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர். ஆக 40 மெகாபாஸ்கல். குஷன் (பைலின் தலைமேல் வைக்கும் பிளைவுட் அடுக்கு) இல்லாமல், இரும்பு நேராக மோதினால் வரக்கூடிய உச்சம் இது. இந்தக் கணக்கில் ஹேமரின் கனம் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உச்சத்தை முடிவு செய்வது உயரம். கனம் முடிவு செய்வது அந்த அழுத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை. உங்கள் பைலில் 4 டன் ஹேமர் என்றால், உச்சத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்க 2.7 மில்லி வினாடி ஆகும். 8 டன் என்றால் 5.5.

இப்போது வெடிப்புக்கு வருவோம். அலை அடிமுனைக்குப் போகிறது. அங்கே கடினமான மணல் இருந்தால் அது அமுக்கு அலையாகவே திரும்பும். சேறு என்றால் தடுக்க ஆளில்லை, முனை காற்றில் தொங்குவது போலத்தான். அப்போது அமுக்கிக்கொண்டு போன அலை இழுவையாக மாறித் திரும்பும். திரும்பும் இழுவையும், மேலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கும் அமுக்கத்தின் வாலும் கொஞ்ச தூரம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். வால் தீர்ந்த இடத்தில் இழுவை மட்டும் மிஞ்சும். குஷனோடு சேர்த்து உங்கள் அடி மொத்தம் 5 மில்லி வினாடி நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அலையின் நீளம் 19 மீட்டர். இழுவை தலைகாட்டுவது அதில் பாதி தூரத்தில், அதாவது அடிமுனையிலிருந்து 9.5 மீட்டரில். 20 மீட்டர் பைலுக்கு அது நட்ட நடு.

கியூப் பாஸ் ஆனதும் உண்மை, வெடித்ததும் உண்மை. கியூப் சோதனை அமுக்கத்தைத்தான் பார்க்கிறது. எம்40 கான்கிரீட்டின் இழுவைப் பலம், வளைத்துச் சோதிக்கும்போது, இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456இன் சூத்திரப்படி 4.4 மெகாபாஸ்கல். நேராக இழுத்தால் இன்னும் குறைவு. 40 மெகாபாஸ்கல் அமுக்கமாகப் போய், அதில் எட்டில் ஒரு பங்கு இழுவையாகத் திரும்பினாலே போதும்.

எனவே சேறு இருக்கும்வரை உயரத்தைக் குறையுங்கள். முடிந்தால் கனமான ஹேமர் வையுங்கள். 4 டன் 1 மீட்டரும், 8 டன் அரை மீட்டரும் ஒரே ஆற்றல்தான். ஆனால் உச்ச அழுத்தம் 40இலிருந்து 28ஆக இறங்கும், அலையும் நீளும். நீண்ட அலையின் வால் திரும்பிவரும் இழுவையைத் தின்றுவிடும்.

தட்டாஞ்சாவடி லேத்து

கனம் கணக்கிலேயே இல்லை என்றால் என்னால் நம்ப முடியவில்லை தம்பி. சம்மட்டி அடிக்கிறவனைக் கேட்டுப் பாருங்கள்.

அலைவரிசை

நம்பாதவர் நீங்கள் மட்டுமில்லை. 1872இல் ஜான் ஹாப்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதைச் செய்தே காட்டினார். இரும்புக் கம்பியை மேலே கவ்வித் தொங்கவிட்டு, கம்பியை ஒட்டியே ஓர் எடையைக் கீழே விழவிட்டு, அடியில் இருந்த தடுப்பில் மோதவிட்டார். கம்பியை அறுக்கத் தேவையான உயரம், எடை கூடினாலும் குறைந்தாலும் ஏறக்குறைய மாறவில்லை. சில அடிகளில் கம்பி அறுந்தது மோதிய அடிமுனையில் இல்லை, மேலே கவ்விய இடத்தில். அங்கே அலை திரும்பும்போது இழுவை இரட்டிப்பாகிறது.

சம்மட்டிக்காரர் சொல்வதும் தப்பில்லை. அவர் அடிப்பது குட்டையான ஆணி. அலை அதற்குள் பலமுறை போய் வந்துவிடும், அங்கே கனம் பேசும். உங்கள் பழக்கமும் அவருடைய பழக்கமும் குட்டைப் பொருளில் வந்தவை.

சுரங்கத்தான்

நெய்வேலியிலிருந்து. எங்கள் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் பாறைக்குப் புவியியல்காரர்கள் வைத்த பெயரே கடலூர் மணற்கல். சில இடங்களில் பக்கெட் வீல் என்ற தோண்டும் இயந்திரத்தின் பல் ஏறாத அளவுக்குக் கெட்டி. அதனால் முதலில் துளை போட்டு வெடி வைத்துத் தளர்த்திவிட்டுத்தான் இயந்திரத்தை விடுவார்கள்.

அலைவரிசை சொன்னதுதான் அங்கேயும் நடக்கிறது. துளையை ஒட்டிய பாறை நொறுங்கி மாவாகும். அங்கிருந்து கிளம்பும் அமுக்க அலை திறந்த முகத்தை அடைந்ததும் இழுவையாகத் திரும்பி, பாறையை முகத்திலிருந்து உள்நோக்கிப் பிளக்கும். திறந்த முகம் இல்லாத இடத்தில் எவ்வளவு மருந்து வைத்தாலும் நிலம் அதிரும், பாறை உடையாது. இதற்குத்தான் வரிசை வரிசையாக வெடிகளுக்கு நடுவே 17, 25, 42 மில்லி வினாடி டிலே (தாமதம்) வைப்பது. முன்வரிசை உடைந்து விலகினால் பின்வரிசைக்குப் புது முகம் கிடைக்கும்.

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். எல்லாப் பெருமையையும் அலைக்குக் கொடுத்துவிடக் கூடாது. அலை கீறல் போடும். அந்தக் கீறலுக்குள் புகுந்து அகட்டித் தள்ளுவது வெடிவாயு. இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்று எங்கள் ஆட்களுக்குள்ளேயே சண்டை தீர்ந்தபாடில்லை.

தேவனாம்பட்டினத்தான்

பைல் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் மோதல் என்று பேச ஆரம்பித்துவிட்டு எங்கள் ஊர்க் கோட்டையை விடக் கூடாது.

1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்கள் அவர்களுக்கு என்பது ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் இன்றும் கடலூரில் புழங்குகின்றன. இது பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை அதற்கு 60 வருஷம் கழித்து வருகிறது.

பெஞ்சமின் ராபின்ஸ் என்று ஒரு கணித மேதை. துப்பாக்கிக் குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தக்க விதத்தில் அளந்தவர். கருவி மிக எளியது: தொங்கும் ஊசலில் கனத்த மரக்கட்டை. குண்டு அதில் புதைந்ததும் ஊசல் பின்னால் ஆடும். அது இழுத்துச் சென்ற நாடாவின் நீளத்தை அளந்தால் ஆட்டம் தெரியும், ஆட்டத்திலிருந்து வேகம் தெரியும். வினாடிக்கு 500 மீட்டர் அளவில் வந்தது. 1742இல் வெளியிட்டார். அந்த வேகத்தில் காற்றின் தடை, நியூட்டன் வழிக் கணக்கு சொல்வதைவிடப் பல மடங்கு என்பதும் அதில் வெளிப்பட்டது. 1745இல் பெரிய கணிதரான ஆய்லரே அதை ஜெர்மனுக்குக் கொண்டுபோய், மூலத்தைவிட நீளமான குறிப்புகள் எழுதினார்.

அந்த ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் சீர்செய்ய 1750இல் இங்கே வந்தார். 1751 ஜூலை 29 அன்று செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்து இடித்தது. மோதலை அளக்கக் கற்றுக்கொடுத்த ஆள் கெடிலத்தின் முகத்துவாரத்தில் செத்தார் என்று ஊரில் ஒரு பலகைகூட நான் பார்த்ததில்லை.

முத்தியால்பேட்டை மாணவி

ராபின்ஸ் தகவலுக்கு நன்றி அண்ணா, எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

அலைவரிசை சாருக்கு ஒரு கேள்வி. வேகமாக அடித்தால் கான்கிரீட்டின் பலம் கூடும் என்று படித்திருக்கிறோம். அப்படியிருக்க 4.4 என்ற நிலையான எண்ணை வைத்துக் கணக்குப் போடலாமா?

அலைவரிசை

நல்ல கேள்வி அம்மா. பதில் கொஞ்சம் நீளம்.

பலம் என்பது ஒரே எண் இல்லை. எவ்வளவு வேகமாக உருமாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதாரண இழுவை இயந்திரத்தில் இந்தத் திரிபு வேகம் (உருமாறும் வேகம்) வினாடிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. பைல் அடிக்கும்போது ஏறக்குறைய 1. ஹாப்கின்சன் தண்டில் சில நூறிலிருந்து சில ஆயிரம். தகட்டோடு தகடு மோதும் சோதனைகளில் லட்சத்தைத் தாண்டும்.

எல்லாப் பொருளும் இதற்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. மைல்டு ஸ்டீல் ரொம்பவும் உணர்ச்சிவசப்படும் ஜாதி. கூப்பர், சைமண்ட்ஸ் இருவரும் 1957இல் தந்த சூத்திரப்படி, வினாடிக்கு 40 என்ற திரிபு வேகத்திலேயே அதன் விளைவழுத்தம் (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) இரட்டிப்பாகும். அலுமினியக் கலவைக்கு அதே அளவு ஏற, வழக்கமாக எடுக்கும் எண் 6500. கார் மோதல் கணக்குப் போடுகிறவர்கள் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் ஒரே பெருக்கு எண்ணைப் போட்டால் தப்பான காரைத்தான் கட்டுவார்கள்.

கான்கிரீட்டில் ஒரு வில்லங்கம். தண்டுச் சோதனையில் அமுக்கப் பலம் கூடியதாகத் தெரிவதில் ஒரு பகுதி பொருளின் குணமே இல்லை. அவ்வளவு வேகமாக நசுக்கும்போது மாதிரியின் நடுப்பகுதி பக்கவாட்டில் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள பகுதி தன் நிலைமத்தால் அதை விடாமல் இறுக்கிப் பிடிக்கும். கான்கிரீட்டைச் சுற்றி இறுக்கினால் பலம் கூடும், அது தெரிந்த விஷயம்தானே. அந்தக் கூடுதலைப் பொருளின் கணக்கில் எழுதிவிட்டு, கணினி மாதிரியிலும் போட்டால், நிலைமத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். ஆய்வுக் கட்டுரைகளில் இந்தத் தவறு சாதாரணமாகக் கண்ணில் படுகிறது. நீங்கள் செய்யாதீர்கள்.

பைலுக்கு வந்தால், திரிபு வேகம் 1இல் இழுவைப் பலம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் பைல் வாங்குவது ஓர் அடி இல்லை, நூற்றுக்கணக்கில். அடிமேல் அடி விழும்போது அந்தக் கூடுதல் கரைந்துவிடும். நான் 4.4ஐக்கூட முழுதாக நம்ப மாட்டேன்.

முத்தியால்பேட்டை மாணவி

ஹாப்கின்சன் தண்டு என்றால் அந்தக் கம்பி ஆள்தானா?

அலைவரிசை

அவருடைய மகன் பெர்ட்ராம். 1914இல் நீண்ட எஃகுத் தண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, ஒரு முனையில் குண்டைச் சுட்டார், பருத்தி வெடிமருந்தையும் வெடித்தார். மறுமுனையில் ஒரு குட்டித் துண்டைக் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தார். அமுக்க அலை அதற்குள் சுலபமாகப் புகும். ஆனால் முனையில் இழுவையாகத் திரும்பும்போது அந்த ஒட்டு தாங்காது. துண்டு கழன்று பறக்கும், தன் நீளத்துக்குள் சிக்கிய உந்தத்தை எடுத்துக்கொண்டு. பறந்த துண்டை ராபின்ஸ் போலவே ஊசலில் பிடித்து அளந்தார். கெட்டியான எஃகுத் தகட்டில் ஒரு பக்கம் வெடித்தால் மறுபக்கத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து வருவதையும் அவர் விளக்கினார். பைலில் மில்லி வினாடியில் நடப்பது, தகட்டில் மைக்ரோ வினாடியில்.

மாதிரியை இரண்டு தண்டுகளுக்கு நடுவே வைக்கும் இன்றைய அமைப்பு கோல்ஸ்கி 1949இல் கொண்டுவந்தது.

தட்டாஞ்சாவடி லேத்து

சரி, இதைச் சொல்லுங்கள். டைட்டானியம் கடையும்போது சுருள் வழவழவென்று வராது. ரம்பப் பல் மாதிரி, அடுக்கு அடுக்காக வரும். டூலும் சீக்கிரம் போய்விடும். மைல்டு ஸ்டீலில் அப்படி வருவதில்லை. இதுவும் உங்கள் அலைதானா?

அலைவரிசை

இல்லை அண்ணே, இது வேறு கதை. ஆனால் அதிவேக உருமாற்றத்தின் அசல் முகத்தைத் தினமும் பட்டறையில் பார்க்கிறவர் இந்த இழையில் நீங்கள்தான்.

உலோகத்தை நசுக்கச் செலவழியும் ஆற்றலில் சுமார் 90 சதவீதம் சூடாகிவிடும் என்று டெய்லரும் குவின்னியும் 1934இல் அளந்தார்கள். மெதுவாக நசுக்கினால் சூடு பரவிப் போய்விடும். கருவிமுனையில் திரிபு வேகம் வினாடிக்குப் பல்லாயிரம். சூட்டுக்கு நகர நேரமே இல்லை. சூடான இடம் இளகும், இளகியதால் அங்கேயே மேலும் வழுக்கும், வழுக்கியதால் மேலும் சூடாகும். கடைசியில் மொத்த உருமாற்றமும் மைக்ரான் கணக்கில் அகலமுள்ள ஒரு பட்டைக்குள் ஒதுங்கிவிடும். பக்கத்து உலோகம் அப்படியே கிடக்கும். உங்கள் சுருளின் ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே இருப்பது அந்தப் பட்டைதான். டைட்டானியக் கலவையின் வெப்பக் கடத்தல் மைல்டு ஸ்டீலில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அது முதலில் மாட்டுகிறது, சூடு முழுக்க டூல் முனையிலேயே நிற்கிறது.

முதலில் பார்த்தவர் பிரெஞ்சுக்காரர் திரெஸ்கா. பிளாட்டினக் கலவையைச் சம்மட்டி இயந்திரத்தில் அடிக்கும்போது குறுக்கும் நெடுக்குமாக ஒளிக்கோடுகள் தெரிந்ததை 1878இல் எழுதினார். சீனரும் ஹாலமனும் 1944இல் எஃகில் இதை விளக்கும்வரை அது மறந்தே கிடந்தது.

தட்டாஞ்சாவடி லேத்து

இது நம்பும்படி இருக்கிறது. வேகத்தைக் குறைத்தால் சுருள் நேராவது அதனால்தானா.

முத்தியால்பேட்டை மாணவி

இன்னும் வேகம் கூட்டினால்? விண்வெளிக் குப்பை மோதும் வேகத்தில் பலம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்கிறார்களே.

அலைவரிசை

ஏறக்குறைய அப்படித்தான். வினாடிக்கு 8 கி.மீ. வேகத்தில் எஃகு எஃகோடு மோதினால் எழும் அழுத்தம் 200 கிகாபாஸ்கலுக்கு மேல். எஃகின் பலம் நல்லதாகப் பார்த்தாலும் ஒன்றோ இரண்டோ. அந்த இடத்தில் திடப்பொருளும் திரவம் போல வழிந்தோடும், அடர்த்திதான் கணக்கு. 1 கிராம் அலுமினியத் துண்டு வினாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் கொண்டிருக்கும் ஆற்றல் 50 கிலோஜூல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு பேரோடு மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும் பைக்கின் ஆற்றலும் அதே அளவு.

கவசத்தைக் கெட்டியாக்கிப் பயனில்லை. வானியலாளர் விப்பிள் 1947இல் சொன்ன யோசனை: வெளியே ஒரு மெல்லிய தகடு, கொஞ்சம் இடைவெளி, பிறகு சுவர். தகட்டைத் தொட்டதும் துண்டு தூளாகி மேகமாக விரியும். சுவரில் விழுவது பரவிய அடி. சர்வதேச விண்வெளி நிலையம் இன்றும் இதன் வாரிசுகளைத்தான் போர்த்தியிருக்கிறது.

நெறியாளர்

விண்வெளிக்குத் தனி இழை தொடங்குங்கள், இணைப்பு கொடுக்கிறேன். முதுநகர்வாசி இன்னும் சேற்றில் நிற்கிறார்.

முதுநகர்வாசி

எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சேறு முடியும்வரை உயரத்தை 40 செ.மீ.க்குள் வைத்து அடிக்கச் சொல்லிவிட்டேன். ஆபரேட்டருக்குப் பிடிக்கவில்லை. 8 டன் ஹேமர் இங்கே கிடைக்காது. வேறு என்ன செய்யலாம்? பைலின் தலையில் அலையை அளக்கும் சோதனை செய்யலாம் என்று ஆலோசகர் சொல்கிறார். அது தேவையா, தண்டமா?

சுரங்கத்தான்

குஷனை எப்போது மாற்றுகிறீர்கள்?

முதுநகர்வாசி

கிழிந்தால் மாற்றுவோம்.

அலைவரிசை

அங்கேதான் பாதிப் பிரச்சினை. பிளைவுட் அடுக்கு அடிபட அடிபட நசுங்கி, கருகி, இரும்பு போல இறுகிவிடும். பார்க்க முழுசாக இருக்கும், ஆனால் அலையை நீட்டும் வேலையைச் செய்யாது. ஒவ்வொரு பைலுக்கும் புது அடுக்கு போடுங்கள், கனத்தையும் கூட்டுங்கள். ஒரு பைல் வீணானால் ஆகும் செலவோடு பார்த்தால் பிளைவுட் காசே இல்லை. முனை கெட்டி மணலைத் தொட்ட பிறகு உயரத்தை ஏற்றலாம். அங்கே திரும்புவது அமுக்க அலை, ஆகவே கவலை முனை நசுங்குவதைப் பற்றித்தான், நடுவைப் பற்றி இல்லை. அடுத்த வேலையில் முன்அழுத்தம் கொடுத்த பைல் (உள்ளே இழுத்துக் கட்டிய கம்பியால் கான்கிரீட்டை முன்கூட்டியே அமுக்கி வைத்தது) கேளுங்கள். 5 மெகாபாஸ்கல் முன்அழுத்தம் இருந்தால், இழுவை முதலில் அதைத் தீர்த்த பிறகுதான் கான்கிரீட்டைத் தொட முடியும்.

சோதனை தண்டமில்லை, கட்டாயம் செய்யுங்கள். திரிபுமானியும் முடுக்கமானியும் இரண்டிரண்டு, எதிரெதிர் பக்கத்தில் பொருத்தச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் வைத்தால் ஹேமர் சாய்ந்து விழுந்ததால் வரும் வளைவும் சேர்ந்து பதிவாகும். தலையை ஒட்டி வைக்க விடாதீர்கள். உங்கள் 400 மி.மீ. பைலுக்கு 60 முதல் 80 செ.மீ. கீழே இருக்கட்டும், அதற்குள் அலை குறுக்குவெட்டு முழுக்கச் சீராகிவிடும். முக்கியமாக, முனை சேற்றில் இருக்கும்போதே அளக்கச் சொல்லுங்கள். பைல் நின்ற பிறகு கடைசி அடிகளை மட்டும் அளந்துவிட்டு "இழுவை இல்லை" என்று அறிக்கை கொடுத்தால் வாங்காதீர்கள்.

முதுநகர்வாசி

நல்லது சார். திங்கட்கிழமை புது பைல் எடுக்கிறோம். ஆரம்ப அடிகளின் பதிவு கிடைத்ததும் இங்கே போடுகிறேன்.